அத்தைக்கு இனிப் பூசை வேண்டாமாம்

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மனம் வைத்தால் சுகம். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிரியும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவைத் திறக்கிறேன்.

உன் அத்தை, அதுதான் கன்னியாஸ்திரியாகி மடத்து மருத்துவமனையில் புண் கழுவியே காலத்தைக் கழித்த என் அக்கா, புனிதராகிவிட்டாள் என்று போனில் கத்தினேனே, அந்தக் குஷி இன்னும் இறங்கவில்லை. அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று முன்பு விசாரிக்க வந்த சாமியார்கள் அவளிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்டபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள் என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா கிள்ளிய கிள்ளு, அப்பப்பா! நல்லவேளை, அவள் கையால் பிழைத்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்து, "ஆமாங்க, ஏமாத்துவாங்க. நல்ல சீட்டையெல்லாம் அங்கிப் பைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு எங்ககிட்ட தோத்துப் போவாங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல கட்டுப் பிரிக்கிற வலியே தெரியாதுங்க" என்றார். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்த தையல்காரன் நான்தான். செபமாலை வைக்க என்று சொல்லி வாங்கிப்போனாள், கள்ளி!

இப்போது சங்கதிக்கு வருகிறேன். அவள் இறந்த நாள் வருகிறதே என்று வழக்கம்போலப் பங்குச் சாமியாரிடம் போய், அக்காவின் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைக்க வேண்டும் என்றேன். மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னய்யா நீ, அவங்க மோட்சத்துல இருக்காங்கன்னு மணியடிச்சுக் கொண்டாடியாச்சு, நீ இன்னும் போய்ச் சேரலைன்னு பூசை வைக்க வந்திருக்கியே! இனி அவங்கதான் உனக்காக வேண்டுவாங்க. என்ன வேணுமோ கேளு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது, மகளே. அவள் போன பிறகு அவளுக்கென்று என்னால் செய்ய முடிந்தது அந்த ஒரு பூசைதான், அதுவும் வேண்டாமாம். நீயும் "ஒண்ணும் வேணாம்ப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறாய். முதல் பிரசவம், அம்மாவை அத்தனை தூரம் அனுப்ப டாக்டர் ஒப்பவில்லை. பயத்தில் எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை. உனக்கும் வேண்டாம், அக்காவுக்கும் வேண்டாம் என்றால் நான் எதற்கு?

மறுநாள் கோயிலில் அக்காவின் சிலை முன்னால் போய் நின்றேன். முழங்கால் போடுங்கள் என்று அம்மா முணுமுணுத்தாள். சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காக என் மண்டையில் குட்டியவள் முன்னால் எப்படி முழங்கால் போடுவது? ஒரு செபமும் வாயில் வரவில்லை. சிலையின் அங்கியில் பை வைக்க மறந்துவிட்டார்களே என்றுதான் தோன்றியது. கடைசியில், "அக்கா, பிள்ளைக்கு வலி தெரியக் கூடாது. நீ போய்ப் பக்கத்துல இரு. சீட்டுக்கட்டையும் எடுத்துக்கிட்டுப் போ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அப்படியே சாமியாரிடம் போய், பூசை அதே நாளில் இருக்கட்டும், அக்கா பெயருக்குப் பதிலாக என் மகள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கனமானதைத் தூக்காதே. வேளைக்குச் சாப்பிடு. வலி எடுத்தால் எந்த நேரமானாலும் போன் போடச் சொல். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் வைக்கிறாள். கடவுள் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காப்பாராக. வலிக்கு நடுவே காரணமில்லாமல் உனக்குச் சிரிப்பு வந்தால் பயந்துவிடாதே, அத்தை வந்து உன்னிடம் தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா