பேசாத அப்பாவும் பறக்காத பறவையும்

கல்லிடைக்குறிச்சி,
14.12.2024

விஜயஸ்ரீக்கு,

போனில் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை உன் அம்மா படம் பிடித்து அனுப்புவாள். கிடைத்த அரசு வேலையை உதறிவிட்டு அந்தமானில் கடல்பறவை பார்க்கப் போனவளிடம் எனக்கு வேறு பேச்சு கிடையாது.

மழை விட்டதும் நம் வயலில் கன்னங்கரேலென்று ஒரு பறவை விழுந்து கிடந்தது. சிறகை விரித்தால் வாசல் கொள்ளாது. அலகு தொரட்டி மாதிரி வளைந்திருக்கிறது. தயிர்சாதம் வைத்தேன், தொடவில்லை. கால்விரலில் சவ்வைப் பார்த்து, நீர்ப்பறவைதானே, தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டால் தெளியும் என்று படித்துறைக்குத் தூக்கிப்போனேன். நனைந்த சாக்குமூட்டை மாதிரி முங்கியது. வேட்டியோடு இறங்கி எடுத்தேன். இப்போது தொழுவத்தில் நடுங்குகிறது.

"மவ பாக்க வேண்டிய வேலைய அப்பன் பாக்குதாரு" என்று பக்கத்து வயல் அசன் மைதீன் சிரிக்கிறார். இது பிழைக்குமா? அதை மட்டும் எழுது.

திருஞானசம்பந்தம்

அந்தமான்,
14.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லவேளை எடுத்தீர்கள். அது போர்க்கப்பல் பறவை; புயல்காற்று கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும். கடலே கதியென்று வாழ்ந்தாலும் தண்ணீரில் மிதக்காது, சிறகு நனைந்துவிடும். தூக்கம்கூடப் பறந்துகொண்டேதான். மற்ற பறவைகள் பிடித்த மீனை நடுவானில் பறித்துத் தின்பதற்குத் தயிர்சாதம் எப்படி இறங்கும்?

தலையில் துண்டு போட்டு மூடினால் பயம் தெளியும். நன்றாகக் காயட்டும். மீன் கொடுங்கள், சைவ வீடு என்று பார்த்தால் பறவை போய்விடும். வனத்துறைக்குச் சொல்லியிருக்கிறேன். சமதரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது. தெம்பு வந்ததும் உயரத்திலிருந்து, காற்றுக்கு எதிரே விடவேண்டும்.

உங்கள் குரல் கேட்டு ஒரு வருஷமாகிறது அப்பா. ஏங்கிப்போயிருக்கிறேன்.

உங்கள் விஜி

கல்லிடைக்குறிச்சி,
18.12.2024

என் விஜிக்கு,

நம் வாசலில் சாளை மீன் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதை அலசித் தந்தவள் உன் அம்மா. முதல் மீனை என் விரலோடு சேர்த்துப் பிடுங்கியது. கட்டுப் போட்டிருக்கிறேன்; கேட்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

வனத்துறைக்காரர் வந்து, சிறகில் பழுதில்லை என்றார். இன்று காலை வாடைக்காற்று பலமாக இருந்தது. அவர் முன்னிலையில் மொட்டைமாடிச் சுவரில் வைத்துத் துண்டை எடுத்தேன். "பைய விடும் வே" என்று கீழேயிருந்து அசன் மைதீன் கத்தினார். பறவை சிறகை விரித்தது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டது. ஆற்றுக்கு மேலே வட்டமிட்டு, மீன் கவ்விப்போன ஓர் ஆலாப் பறவையைத் துரத்தி, அது நழுவவிட்ட மீனை அந்தரத்திலேயே பிடித்தது. தெரு முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதெல்லாம் உமக்கு யாரு சொல்லித் தந்தா?" என்றார் அசன் மைதீன். இதுவரை உன்னைப் பற்றிக் கேட்டவர்களிடம் 'ஏதோ ஆபீஸ் வேலை' என்றுதான் மழுப்பியிருக்கிறேன். இன்று மாடியில் நின்றே சத்தமாகச் சொன்னேன்: "எம் மவ விஜயஸ்ரீ. அந்தமான்ல கடல்பறவையப் படிக்குதா வே."

இதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது போனில் உன்னைக் கூப்பிட்டு நானே வாசிக்கிறேன்.

அப்பா