நேராக நடக்காத குட்டி

என் அன்பான றீற்றா மச்சாளுக்கு,

நீ காய்ச்சலில் கண்மூடிய பிறகு இது இரண்டாவது மாரி. நெடுந்தீவுக்குப் போனால் என்னை நக்கலடிக்க ஆளில்லை. ஆனாலும் உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

அந்தக் குட்டியை மறந்திருக்கமாட்டாய். எங்கள் வெள்ளாடு ஈன்றபோது மூச்சில்லாமல் கிடந்தது. பின்னங்காலில் பிடித்து நீ சுழற்றியதும் தும்மிப் பிழைத்தது. ஆனால் வளர்ந்தும் நேராக நடக்கவில்லை. கல்வேலிக்குள் ஒரே பக்கமாக வட்டமடித்தது. "மூச்சுத்தான் வந்திட்டுதே, பிறகேனடி இதின்ர மூளை சரிவரேல்லை?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஐயா தயங்கினபோது நீதான் பேசினாய். "அவள் போகட்டும் மாமா. அவளின்ர ஆடுகளை நான் பாக்கிறன். அவள் மேய்ச்சால் ஆடுதான் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்." ஐயா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் படகேறினேன்.

இங்கே பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், பிறந்து சில நாளான குட்டிகளை மயக்கி, மூளையின் இரத்தக்குழாய்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன். மூச்சு முட்டும்போது உடல் வாசோபிரெசின் என்றொரு ஓமோனைச் சுரக்கும். அது குழாய்களைச் சுருக்கும் என்றுதான் படித்திருந்தோம். குட்டியின் மூளைமேல் அந்த ஓமோனில் ஒரு துளி விட்டேன். குழாய் விரிந்தது.

"உம்மட கை பிழைச்சிருக்கும், பிள்ளை. அதை விட்டிட்டு அடுத்ததைப் பாரும்," என்றார் பேராசிரியர். வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டியிருந்தால் நான் கண்டது அன்றோடு போயிருக்கும். அப்போது அந்தக் குட்டி நடந்த வட்டம் கண்ணில் வந்தது.

"இல்லை சேர். கை பிழைக்கேல்லை. நீங்களே வந்து பாருங்கோ."

இன்னொரு துளி விட்டேன். குனிந்து பார்த்தவர் கண்ணை எடுக்க நேரமானது. "ஓம், விரியுதுதான்," என்றார்.

மூச்சில்லாத நேரத்திலும் குட்டியின் உடல் குழாயை விரித்து மூளைக்கு இரத்தம் அனுப்பப் பார்க்கிறது போலிருக்கிறது, மச்சாள். அப்படியென்றால் எங்கள் குட்டிக்கு ஏன் அது போதவில்லை? அது இன்னும் தெரியாது. "இதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்று நீ கேட்பது கேட்கிறது.

ஆடுகளை இப்போது ஐயா மேய்க்கிறார். அவைதான் அவரைக் கூட்டிக்கொண்டு வருகின்றன.

நீ எனக்காகப் பேசினாய், எனக்காக மேய்த்தாய். உன் கேள்வியின் மீதியை இனி நானே கேட்பேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

தலையாட்டாமல் நின்ற
உன் மாமா மகள்