ஒரு சொட்டும் கசியாத ஜட்டி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்கள் நலம் என்பதை நம் பட்டாணிக் குட்டியின் கன்னத்தைப் பார்த்தால்தான் நம்புவேன், போட்டோ அனுப்பவும்.

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிப்போம். அதனால் பார்சலுக்குள் இந்தக் காகிதத்தை வைக்கிறேன். தங்கை நம்மை விட்டுப் போன பிறகு, குழந்தையை என்னிடம் கொடுங்கள் என்று நான் கேட்டதும், நீங்கள் முடியாது என்றதும், இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் போதும்.

பகலில் பட்டாணியைப் பார்த்துக்கொள்கிற கீழ்வீட்டம்மா வீடு மாற்றிப் போகப்போகிறாராம். மழலையர் பள்ளியில், உச்சா வந்தால் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் சேர்ப்பார்களாம். பள்ளி திறப்பதற்குள் பழகாவிட்டால் அவளை என்னிடம் அனுப்புவதாக என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாமே. அனுப்புங்கள். ஜன்னலோரம் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. ஆனால் பெரியம்மா ஒரு உதவியும் செய்யவில்லை என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது.

அதற்குத்தான் இந்த ஜட்டிகள். டயப்பரைத் தூக்கிப் போடுங்கள். இவற்றைத் துவைத்துத் துவைத்துப் போடலாம். உள்ளே டவல் துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, வெளியே ஆஸ்பத்திரி மெத்தை உறைக்கு நான் தைக்கிற அதே துணி. ஒரு சொட்டு கசிந்தாலும் என் மெஷினை விற்றுவிடுகிறேன்.

பட்டாணியின் பெரியம்மா


மார்ச் 17

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பிரித்த உடனே பட்டாணி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அன்று முழுக்கக் கழற்ற மாட்டேன் என்றாள். போட்டோ வைத்திருக்கிறேன். கன்னத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றி. நீங்கள் எழுதினீர்களே, அதற்கே தனியாக ஒரு நன்றி. மெஷினை விற்க வேண்டியதில்லை. ஒரு சொட்டு கசியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, அதுதான் பிரச்சினை. உள்ளே ஒரு குளத்தையே வைத்துக்கொண்டு உங்கள் தங்கை மகள் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து விளையாடுகிறாள். நனைந்தது அவளுக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. தூக்கும்போது கனத்தால்தான் தெரிகிறது. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஈரம் தெரியணும்பா. தெரிஞ்சாத்தானே சொல்லுவா? இவ்வளவு நல்லா தைச்சா எப்படி?" என்றார்.

கொஞ்சம் மட்டமாகத் தைத்துத் தர முடியுமா? என்னிடம் யாராவது வந்து, லிஃப்டைக் கொஞ்சம் சுமாராக ரிப்பேர் செய் என்றால் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

பள்ளி திறக்கிற நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சாயங்காலம் கதவைத் திறந்தால் ஓடிவந்து என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கழுவிவிட்டு வருகிறேன் என்றாலும் விடுவதில்லை. அவள் இல்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவேன்? உங்களிடம் சொல்லக் கூடாத விஷயம்தான். வேறு யாரிடம் சொல்வது?

உங்கள் தங்கை வீட்டுக்காரன்


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

மட்டமாகத் தைக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு சில நாள் மெஷின் பக்கமே போகவில்லை. "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன், உன் தையலையே குறை சொல்லிட்டாரே" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

பிறகு இன்னொன்று தைத்து, தண்ணீர் ஊற்றி, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது நிஜம். கைக்கே ஈரம் தெரியவில்லை, குழந்தைக்கு எப்படித் தெரியும்? இப்போது மெத்தை உறைத் துணியை எடுத்துவிட்டேன். முழுக்கப் பருத்தி, நடுவில் மெல்லிசாக ஒரே அடுக்கு. தரையில் ஆறாக ஓடாது, ஆனால் நனைந்தால் அவளுக்குப் பிசுபிசுக்கும். அவளே இழுத்துக் கழற்றட்டும் என்று இடுப்பில் அகலமாகப் பட்டை வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தைக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். இதை அனுப்பாவிட்டால் அவள் இங்கே வருவாள், அந்தக் கட்டிலில் படுப்பாள். அனுப்பினால் உங்களிடமே இருந்துவிடுவாள். அப்புறம், கிரீஸ் கையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்துவிட்டு மிச்சத்தைத் தைத்தேன்.

நனைத்தால் திட்டாதீர்கள். உங்கள் முகம் சும்மா இருந்தாலே திட்டுகிற மாதிரிதான் இருக்கும். சிரித்துக்கொண்டே மாற்றிவிடுங்கள்.

பட்டாணியின் பெரியம்மா


ஏப்ரல் 30

அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதம். இத்தனை நாளும் துவைத்துக்கொண்டிருந்தேன். கொடியில் உங்கள் ஜட்டிகளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. என் சட்டைகள் நாற்காலி முதுகில் காய்ந்தன.

முதல் வாரம் நனைந்ததும் நின்ற இடத்திலேயே காலை அகட்டி நிற்பாள், ஒரு வார்த்தை வராது. பிறகு, "அப்பா, வந்துடுச்சு" என்று சொல்லத் தொடங்கினாள். நான் சிரித்துக்கொண்டேதான் மாற்றினேன். கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டேன், சத்தியமாக.

போன வாரம் கீழ்வீட்டம்மாவுக்குக் காய்ச்சல். பட்டாணியைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனேன். ஒரு பேங்க் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மேனேஜர். கதவு இடுக்கு வழியாக அவருக்கு நான் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து சட்டையை இழுத்து, "அப்பா, உச்சா வருது" என்றாள். வருவதற்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க, பொண்ணுக்கு பாத்ரூம் போகணும்" என்றேன்.

"எனக்கும்தான்யா போகணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அவரை அப்படியே விட்டுவிட்டு இவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வேலையில் இப்படி ஒரு காரியம் நான் செய்ததே இல்லை. பட்டையைப் பிடித்து அவளே இழுத்துக் கழற்றினாள். ஜட்டி காய்ந்தபடியே இருந்தது அண்ணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, நனைஞ்சுடுச்சா?" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மேனேஜரை இறக்கிவிட்டதும் அவர் அதே பாத்ரூமுக்கு ஓடினார். திரும்பி வந்து இவளுக்குக் கை கொடுத்தார்.

நேற்று பள்ளிக்குக் கூட்டிப்போனேன். டீச்சரிடம் அவளே சொல்லிவிட்டுப் போய்வந்தாள். சேர்த்துக்கொண்டார்கள். ஆசையை அடக்கிக்கொண்டு நீங்கள் தைத்துக் கொடுத்ததால் நடந்தது இது. என் மகளை என்னிடம் தங்கவைத்தது நீங்கள். அதற்கு நன்றி என்ற வார்த்தை போதாது, இருந்தாலும் அதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்


மே 8

தம்பிக்கு,

மேனேஜர் வந்த இடத்தில் சிரித்தேன். அதற்கு அடுத்த இடத்தில் அழுதேன். என் வீட்டுக்காரர் எதற்கென்று கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார்.

எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஏக்கம் இல்லை என்றால் பொய். கீழ்வீட்டம்மா செய்த உதவிக்கு என் சார்பிலும் நன்றி சொல்லுங்கள். தங்கை இருந்திருந்தால் உங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள். நானும் படுகிறேன்.

கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார், மாதக் கடைசியில் ஆள் வரும். ஜன்னலோரம் காலியானால் மெஷினை அங்கே நகர்த்தலாம். நல்ல வெளிச்சம் வருகிற இடம்.

அக்கா


மே 15

அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கட்டிலைக் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கு லீவு விடுகிற போதெல்லாம் பட்டாணி அங்கே இருப்பாள். நானே கொண்டுவந்து விடுவேன். அவளிடம் கேட்டுவிட்டேன். ஜட்டி தைத்த பெரியம்மாவா என்று கேட்டுவிட்டு, உடனே பையில் பொம்மையை எடுத்து வைத்துவிட்டாள். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வாரமே வரலாமா?

ஒரே ஒரு உதவி. பகலில் தேறிவிட்டாள், தூக்கத்தில் இன்னும் நம்பிக்கை இல்லை. அந்தக் கட்டில் மெத்தைக்கு ஒரு உறை வேண்டும். இந்த முறை மட்டமாக வேண்டாம் அண்ணி. உங்கள் கைக்கு எவ்வளவு நன்றாகத் தைக்க வருமோ அவ்வளவு நன்றாகத் தையுங்கள்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

கட்டில் எங்கேயும் போகாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

உறை தைத்தாகிவிட்டது. மெத்தைக்குப் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை.

வாருங்கள். பெரியம்மா வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நனைக்கலாம் என்று பட்டாணியிடம் சொல்லிவையுங்கள்.

அக்கா