என் குரல் கீழேதான் நிறையும்

மார்கழி, செவ்வாய்க்கிழமை

இன்று தேவாலயப் பாடகர் குழுப் பயிற்சியில் மாஸ்டரோடு எதிர்த்துக் கதைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கான, இயேசு பிறப்பைப் பாடும் நத்தார்ப் பாட்டில் உயர்ந்த குரலுக்கான மேல்வரியை என்னையும் பக்கத்தில் நின்று பாடும் றஜனியையும் சேர்ந்து பாடச் சொன்னார். உச்சத்தில் எனக்குத் தொண்டை இறுகிக் குரல் உடைந்தது.

"ரெண்டு பேருக்கும் கீழ்க்குரல்தானே? அவ ஏறுறா, உமக்கென்ன?" என்றார்.

"அவ மெஸோ, நடுக்குரல், மாஸ்டர். கீழே பாடினாலும் மேலே போனால்தான் அவவின்ரை குரல் மினுங்கும். நான் கொன்ட்ரால்டோ, பொம்பிளைக் குரலிலை ஆகக் கீழானது. என்ரை குரல் கீழேதான் நிறையும்."

"கீழே பாடினால் ஆம்பிளைக் குரல் மாதிரிக் கிடக்கும்."

நான் விடவில்லை. றஜனியை மேல்வரி பாடச் சொல்லிவிட்டு, கீழ்வரியை நான் எடுத்தேன். எந்த இறுக்கமும் இல்லாமல் குரல் தாராளமாக வந்தது. இரண்டு குரலும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கேட்டன. மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தார்.

"ஞாயிற்றுக்கிழமையும் உப்பிடியே பாடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சொன்னதற்கு அம்மா, "ஆம்பிளைக் குரலெண்டு சனம் சிரிக்கப்போகுது, பிள்ளை" என்றார்.

சிரிக்கட்டும். தேவாலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து சிரிப்பவர்களுக்கும் கேட்கும்படி பாடுவேன்.