எர்த் குழிக்குத் தண்ணீர்

குவைத், 1975

அன்புள்ள அம்சத்துக்கு,

நான் சௌக்கியம். அப்பாவுக்கு இருமல் தணிந்ததா? தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவில் நம் பெயர் ஏறியதா, இல்லை பண்ணையார் ஆட்கள் இன்னும் வயலில் இறங்க விடவில்லையா?

போன வாரம் இங்கே ஜெனரேட்டரைத் தொட்ட, என்னோடு வேலை பார்க்கும் அதிராம்பட்டினத்து நாகநாதனுக்கு லேசாக ஷாக் அடித்தது. பயப்படாதே, நன்றாக இருக்கிறான். ஜெனரேட்டரின் நியூட்ரல் கம்பியையும் இரும்பு உடம்பையும் பூமியோடு சேர்க்காமலே ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் நானே குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் கம்பி இறக்கினேன். மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது, கசியும் கரண்ட் பூமிக்குள் இறங்காது. அதனால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

“என்னண்ணே, நாத்தா விட்டிருக்கீங்க?” என்று நாகநாதன் சிரிக்கிறான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஒரு வரி எழுது. தபால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இப்போதைக்கு நான் தண்ணீர் பாய்ச்சும் நிலம் இந்தக் குழிதான்.

உன்
தங்கையன்