வெடி வைக்கப் படித்தவன் இல்லை நீ

தம்பி,

இன்றைக்கு நம் மாமா போய்ச் சேர்ந்தார். தெருவெல்லாம் சரவெடி. அந்த மருந்துப் புகை அடுப்படி வரைக்கும் வந்து உன்னை நினைக்க வைத்தது. பிணம் எடுக்கும் முன்னால் தெருவில் யாரும் உலை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். வடித்தேன், சாப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரி வாயில் கைவைத்துப் பார்த்தாள். பார்க்கட்டும்.

நீ மேல்படிப்புக்குப் போனபோது, "அது என்னடா படிப்பு?" என்று கேட்டேன். இதே அடுப்படியில் குந்தி ஒரு பிடி உமியை நெருப்பில் கொட்டினாய். புகைந்தது. இன்னொரு பிடியைத் தூவினாய். குப்பென்று பிடித்தது. "ஏன் இப்படிங்கறதத்தான்க்கா ஆராயப் போறேன். ராக்கெட்டுக்கு எரியறது எவ்வளவு வேகமா எரியணும்னு." அஞ்சாவதோடு நின்ற எனக்கே விளங்கியது.

உதவித்தொகை வந்தால்தான் ஆராய்ச்சி, வேறு வழியில்லை நமக்கு. அதுவும் வந்தது. ராக்கெட் மருந்து ஆராயும் இடம் என்பதால், ஊரில் போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுதினால் போதும். அந்தப் போலீஸ்காரர் நேராக டீக்கடைக்கு வந்தார். நான் கடைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். சவுதி வாட்ச்சைக் காட்டியபடி மாமா முந்திக்கொண்டார்.

"நம்ம மாப்ளதான் சார்! குண்டு செய்யப் படிக்கிறான். ஒண்ணு போட்டான்னா மன்னார்குடியே பறக்கும்!"

கடையே சிரித்தது. "அய்யோ, அப்படி இல்லைங்க, அது ராக்கெட்டுக்கு..." என்றேன்.

"நீ பால ஊத்து புள்ள. அஞ்சாங்கிளாஸ் பேச வந்துட்டா."

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான். விசாரணை முடியவில்லை, முடியவில்லை என்றே இழுத்து, உன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். வெடிமருந்தையே ஆராய்கிற பெரிய மனிதர்கள், டீக்கடைப் பேச்சுக்கு நடுங்கிவிட்டார்கள். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூ!

பிறகு மாமாவே சவுதி விசாவும் கொண்டுவந்தார். "கல்குவாரியில வெடி வைக்க ஆள் கேக்குறான் மாப்ள. நீ படிச்ச படிப்புதானே!" அந்த ஆளுக்கு அது வேறு, இது வேறு என்று கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. நீ பெட்டி கட்டினாய்.

பாலைவனத்து வெயிலில் வேலை பார்த்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். பெட்டியில் வந்தாய். உன் தலைமாட்டில் நின்று மாமா சொன்னார்: "நான் அனுப்பி வச்சதாலதான் இந்த மாடி வீடு." வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

"விடுக்கா, டீக்கடையில பெருமைக்குச் சொன்னாரு. கெடுக்கணும்னா சொன்னாரு?" என்று அங்கே இருந்தபோது போனில் நீ கேட்பாய். நீ விட்டாய். நான் விடவில்லை.

உன் தம்பி என்ன வேலை பார்த்தான் என்று யாராவது கேட்டால், குவாரி என்று என் வாயில் வராது. ராக்கெட்டுக்கு ஆராய்ச்சி செய்யப் போனவன், போகவிடாமல் செய்துவிட்டார்கள் என்பேன். யார் என்றால் மாமா பெயரைச் சொல்வேன். இன்றைக்கும் துக்கம் கேட்க வந்தவளிடம் சொன்னேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றாள்.

நீயும் செத்தவன்தான். உனக்காக யார் பேசுவது?