ஐம்பத்திரண்டு வீடுகளும் ஒரு பாறையும்

போடிநாயக்கனூர்
4.11.2025

மேலக்கணவாய் வார்டு உறுப்பினர் அன்னக்கொடி அம்மா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஜெபகுமார் வணக்கத்துடன் எழுதுவது. இந்த மழைக்கு ஊரில் எல்லோரும் பத்திரம்தானே? சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

1. ஆகஸ்டில் நான் எடுத்த கணக்கெடுப்பு.
2. தவறு யாருடையது.
3. இனி செய்யவேண்டியது.

முதலாவது. இணையம் எட்டாத ஊர்களுக்கு அரசு செலவில் கேபிள் இழுக்கப்போகிறார்கள். எந்த ஊருக்கு வேண்டும் என்று செல்போனில் இணைய வேகத்தை அளந்துவர எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்களை அனுப்பினார்கள். நேற்று பட்டியல் வந்தது. உங்கள் ஊர் அதில் இல்லை. ‘இணையம் உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஐம்பத்திரண்டு வீடுகளிலும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும். பாறைமேல் ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து, அந்த எண்ணையே ஐம்பத்திரண்டு கட்டங்களிலும் நிரப்பினேன். என் தெருவில் மூன்று கேபிள்கள் ஓடுகின்றன. உங்களுக்கு இதைச் சொல்ல, உங்கள் ஊருக்கு வரும் சின்ராசுவின் ஜீப்பில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டாவது. தயங்கித்தான் சொல்கிறேன். என்னைப் பாறைக்குக் கூட்டிப்போனவர்கள் நீங்கள். “இங்கன நல்லா எடுக்கும் சார்” என்றும் சொன்னீர்கள். ஆகவே பாதித் தவறு ஊருடையது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது. ஆட்சேபம் சொல்ல இருபதாம் தேதி கடைசி. மனு எழுதி இணைத்திருக்கிறேன். ஊரார் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். என் பெயர் அதில் வேண்டாம். நாற்பது வருடம் பாடம் நடத்திய ஊர் இது.

வருத்தத்துடன்,
ஜெபகுமார்


மேலக்கணவாய்
8.11.2025

ஜெபகுமார் சாருக்கு அன்னக்கொடி வணக்கம். நான் சொல்லச் சொல்ல எம்மக தேவி எழுதுறா.

விருந்தாளி வந்தா இருக்குறதுல நல்லதத்தான சார் காட்டுவோம்? ‘போன் எங்கம்மா எடுக்கும்?’னு கேட்டீக. எடுக்குற ஒரே எடத்துக்குக் கூட்டிப்போனோம். உங்களுக்கு மூச்சு வாங்குதேன்னு நாற்காலிகூடத் தூக்கியாந்தோம். வீடுகளுக்கும் வாங்கன்னு கூப்பிட்டேனா இல்லையா? காப்பி அடுப்புல கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. ‘அட்டை கடிக்கும், ஜீப்பு வேற ஹாரன் அடிக்குது’ன்னு எறங்கிட்டீக.

போன வாரம் எங்கூரு பொன்னுமணி, கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி வரணும்னு மழையில அந்தப் பாறையில ஏறினா. வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு கெடக்குறா. அவ விழுந்த பெறகு ஓடிபி வந்துச்சாம். சிரிக்கிறதா அழுகுறதான்னு அவளுக்கே தெரியல.

மனு அழகா எழுதியிருக்கீக. ‘கணக்கெடுப்பில் தவறு நேர்ந்துவிட்டது.’ மழை பேஞ்சாப்ல அதுவா நேர்ந்துச்சா சார்?

கீழ போடிக்கு எறங்கி, கணக்கெடுப்பு ஆபீசுல கேட்டுட்டேன். ஊரார் கையெழுத்து எடுபடாதாம். அளந்தவரே தப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் திரும்ப அளப்பாங்களாம். பதினெட்டாந்தேதி காலையில ஆபீஸ் வாசலுக்கு வாங்க. தனியா உள்ள போகக் கூச்சமா இருந்தா நான் கூட நிக்கிறேன்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
19.11.2025

அன்புள்ள அன்னக்கொடி அம்மா,

நேற்று மதியம்வரை நீங்கள் வாசலில் நின்றீர்கள். எதிரே பேருந்து நிறுத்தத்தில், குடைக்குப் பின்னால் நானும் நின்றேன். நீங்கள் போனபிறகும் உள்ளே போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இன்று காலை போனேன். அங்கே எழுத்தர் பால்ராஜ் என் பழைய மாணவர். எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“டைப்பிங் மிஸ்டேக்னு போட்ருவோம் சார். நீங்க போயி இப்படி எழுதிக் குடுக்கலாமா?” என்றார்.

ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. பிறகு, ‘வீடுகளுக்கு நான் போகவே இல்லை, எல்லா எண்களும் பொய்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பால்ராஜ் அதை இரண்டு முறை படித்தார். அதன்பிறகு என் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

அதன் நகலை இணைத்திருக்கிறேன். டிசம்பரில் வேறொருவர் அளக்க வருவார். கேபிள் வந்துவிடும் என்று உறுதி சொல்லும் தகுதி எனக்கில்லை. பொன்னுமணியைப் பார்க்க வரவேண்டும். அதற்கும் இன்னும் தைரியம் வரவில்லை.

என் முதல் கடிதத்தில் இரண்டாவதாக எழுதியது தவறு. பாதி உங்களுடையது என்றேன். அதில் உங்கள் பங்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை.

ஜெபகுமார்